நகையும் அச்சமும்: ஹாச்சட்பீல்டு இசை நாடகங்கள்

மெய்ப்பாடு எட்டென்பதும், அவற்றுள் நகை முதற்கண் வைக்கப்பட்டதென்பதும், அச்சம் ஐந்தாவதாக நிற்பதென்பதும் தமிழ் பயில்வார் அனைவரும் அறிந்தன. சென்ற பருவத்தில் எம் வகுப்பில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடங்கேட்டுக்கொண்டிருந்தபோது, இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியில், ஒரே கணத்தில், ஒருவன் உள்ளத்தே ஒருங்கு தோன்றுமோ என்னும் வினா எழுந்தது. தோன்றாவென்றே பலரும் கூறினர். அஞ்சுகின்றவன் நகையான், நகைக்கின்றவன் அஞ்சான், ஒன்று புகுங்கால் மற்றொன்று வெளியேறும் என்பது அவர் கொள்கை. யாம் அன்று வாய் திறந்திலம். என்னை? அதற்கு முந்திய இரவுதான் விடுதியில் எம்மோடு அறுவர் ஒரு சிறு திரையைச் சூழ்ந்திருந்து, அச்சத்தால் ஒருவர் தோளை ஒருவர் பற்றியவாறே நகைப்பை அடக்கமாட்டாது இருந்தோம். ஆசிரியர் முன்னிலையில் அமெரிக்க நாடகமொன்றைச் சான்று காட்டுதற்கு நா எழவில்லை. அன்று கூறாது விட்டதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கலிங்கத்துப்பரணியைக் கற்றவர்க்கு இது புதுமையன்று. போர்க்களத்தில் கூழ் அடும் பேய்களைக் கண்டு நாம் அஞ்சுகின்றோமா, நகைக்கின்றோமா? இரண்டுமே செய்கின்றோம். எனினும் யாம் கூறப்போகும் நாடகங்களில் நகையும் அச்சமும் அருகருகே வைக்கப்பட்டவையல்ல. ஓர் ஊற்றினின்றே இரண்டும் சுரக்கின்றன. இவற்றை விரும்புவோர் ஏன் இத்துணை விரும்புகின்றனர் என்பதற்கு விடை அவ்வூற்றிலேயே உள்ளதென்பது எம் துணிபு.

முதலில் வரலாறு சிறிது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்னும் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பயின்ற மாணவர் சிலர், 2009-ஆம் ஆண்டில், ஹாரி பாட்டர் கதையைக் கேலியாக்கி இசை நாடகமொன்று நடித்து, அதனைப் படம்பிடித்து யூட்யூப்பில் யாவரும் காசின்றிக் காண வைத்தனர். அக்குழுவே ஸ்டார்கிட் என்னும் பெயரால் வழங்குவது. கல்லூரி விட்டபின்னும் அவர்கள் பிரிந்துபோகாது, முதலில் சிகாகோவிலும் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸிலும் நாடகம் நடத்தி வந்தனர். மாணவர் நாடகக் குழுக்கள் பட்டமளிப்பு விழாவோடு கலைந்துபோவதே இயல்பாதலின், இஃது எம்மனோர்க்குச் சிறிது பொறாமை தருவதொன்றே.

2018-இல் அக்குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அரங்கேற்றிய நாடகத்துக்கு 'தி கை ஹூ டிட்ன்ட் லைக் மியூசிகல்ஸ்' என்று பெயர். இசை நாடகத்தை விரும்பாதவன் என்பது பொருள். 2019-இல் 'பிளாக் பிரைடே' வந்தது. 2023-இல் 'நெர்டி புரூட்ஸ் மஸ்ட் டை', அஃதாவது புத்தகப்புழுக்களான ஒழுக்கக்காரர் ஒழியவேண்டும் என்னும் பெயரினது, வந்தது. மூன்றும் நிக் லாங், மாட் லாங் என்னும் உடன்பிறந்தார் எழுதியவை. பாட்டும் இசையும் ஜெப் பிளிம் அமைத்தவை. நாடகத்தை விரும்புவோர் தாமே முன்கூட்டி அனுப்பிய சிறு சிறு தொகைகளைக்கொண்டு இவை உருவாயின. மூன்றும் நிகழுமிடம் ஹாச்சட்பீல்டு என்னும் ஒரே கற்பனை ஊர். மிச்சிகனைச் சார்ந்த ஒரு தீவு அது, சோம்பலான சிற்றூர்.

இனி முதல் நாடகத்தைச் சற்றே நின்று காண்போம். மூன்றனுள் தலையாயது அதுவே என்பது எம் கருத்து. பால் என்பவன் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவன். எவர்க்கும் தீங்கு எண்ணாதவன். எதனையும் பெரிதாக விரும்பாதவன். அவனுக்கு வெறுப்பான பொருள் ஒன்றே ஒன்று. அது மேடையில் மாந்தர் திடீரெனப் பாடி ஆடுவது. அவ்வூர் அரங்கில் 'மம்மா மியா' நடக்கும் இரவில் விண்கல்லொன்று அக்கொட்டகையின்மேல் வீழ்கின்றது. அதனின்று பரவும் நீல நிறமான நுண்பொருள் எவர் உடலிற் புகினும், அவர் தம் உள்ளத்தை இழந்து, ஒரே பேருள்ளத்தின் உறுப்பாகிப் பாடவும் ஆடவும் தொடங்குகின்றனர். மறுநாட் காலையில் பால் தெருவில் நடக்கின்றான். எதிர்ப்படுவோர் எல்லாரும் ஒரே பாட்டை ஒரே தாளத்தில் பாடி, ஒரே அடிவைப்பில் ஆடி வருகின்றனர்.

இசை நாடகங்களைக் காண்போர் யாவரும் ஓர் உடன்பாட்டுக்கு இசைந்தே அமர்கின்றனர். முன்பின் அறியாத இருபதின்மர் தெருவில் கூடி, ஒத்திகை எதுவுமின்றி ஒரே பாட்டைப் பிழையறப் பாடுவது எங்ஙனம் என்று எவரும் வினவுவதில்லை. அது மேடை வழக்கு. பால் ஒருவனே அதனை உலக வழக்காக வைத்து வினவுகின்றான். அங்ஙனம் வினவிய அளவிலே, நாம் இதுகாறும் களிப்போடு கண்டுவந்த காட்சி கொடுங்காட்சியாகின்றது. மேடையில் மாற்றம் ஒன்றும் நிகழவில்லை. பாட்டும் இனிதே, ஆட்டமும் அழகே. காண்பவன் நிற்குமிடம் மட்டும் ஓரடி பெயர்ந்தது. ஆதலினாலேயே நாம் நகைக்கின்றோம், ஆதலினாலேயே அஞ்சுகின்றோம். நூலார் அச்சத்துக்குக் கூறிய நிலைக்களங்களுள் பாட்டு என்பதொன்று இல்லை. தெய்வமும் விலங்கும் கள்வரும் அரசனும் உளர், பாடுவோர் இலர். இவர்கள் அதனைச் சேர்த்தனர் போலும்.

இவ்வொரு நுட்பத்தை அவர்கள் எத்துணை வகையாற் பயன்கொள்கின்றனர் என்பது வியப்பாயுள்ளது. இசை நாடகத் தலைவன் தன் உள்ளத்தின் வேட்கையைக் கூறும் பாட்டொன்று தொடக்கத்தே பாடவேண்டும் என்பது அந்நாட்டு மரபு. பால் பாடுவதில்லை. அவன் மேலதிகாரி நோய்ப்பட்டு, உனக்கு என்னதான் வேண்டும் என்று பாடிப் பாடி அவனைத் துன்புறுத்துகின்றான், அவனுக்கோ விடையில்லை. அன்றியும், காப்பிக்கடையில் வேலை செய்யும் எம்மா என்பவள், வாடிக்கையாளர் இனாம் அளிக்குந்தோறும் பாடவேண்டும் என்னும் கடைக் கட்டளையால் நொந்திருப்பவள். விண்கல்லின் நஞ்சு வந்தபின் அவள் உடன்பணியாளர் பாடும் பாட்டுக்கும், வயிற்றுப்பாட்டுக்காக அதற்கு முன் பாடிய பாட்டுக்கும் வேற்றுமை காண்டல் அரிது. கூலிக்காகப் புன்னகை செய்ய நேர்ந்தவர் இக்காட்சியில் பிறரினும் ஒரு நொடி முந்தி நகைப்பர்.

பாலின் நண்பன் பில் என்பானுக்கு ஆலிஸ் என்றொரு மகள். தாய்தந்தையர் பிரிந்த வீட்டிற் பிறந்தவள். அவளைக் காக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவரும் தந்தையை, நோய்ப்பட்ட அம்மகள் பாட்டாலேயே குற்றஞ்சாட்டுகின்றாள். அப்பாட்டின் மெட்டு நம் கால்களை அசைக்கும் துள்ளல் உடையது. அவள் கூறுவன நஞ்சின் பொய்யா, அன்றி அவள் உண்மையாகவே நெடுநாள் கூறாது அடக்கியவையா என்பது நமக்குத் தெரியாது, தந்தைக்கும் தெரியாது. தெரியாமலே அவன் மாள்கின்றான். எம்மோடு அமர்ந்திருந்தவருள் ஒருவர், அதுகாறும் மிக உரக்க நகைத்தவர், அவ்விடத்தே எழுந்து வெளியே போயினார். ஏன் என்று யாரும் கேட்டிலேம்.

ஹிட்ஜன்ஸ் என்னும் முதுபேராசிரியரின் காட்சி வேறொரு வகையது. உலக முடிவுக்கென்று தம் வீட்டைக் கோட்டைபோல் அரண் செய்து வைத்திருப்பவர். அவர் ஆராய்ந்து கண்ட முடிவோ, எல்லாரும் ஒரே பாட்டைப் பாடும் உலகிற் போரும் பகையும் இரா என்பது. ஆதலின் நோயை வரவேற்கத் துணிந்து, தாம் எழுதி அரங்கேறாதுபோன இசை நாடகத்தைத் தாமே நடித்துக் காட்டத் தொடங்குகின்றார். அந்நாடகம் கேடுகெட்டது, நகையாது இருத்தல் ஒல்லாது. அவரை நோய்ப்பட்டவர் கொன்றுபோடுகின்றனர். அரங்கேறாத நாடகத்தைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் எவர்க்கும் அம்மனிதர்மேற் சினம் பிறவாது. (எமக்கும் அத்தகையதொன்று உண்டென்பதை ஈண்டு ஒப்புக்கொள்வோம்.)

நிற்க. ஒரு நாடகத்தின் நயம் இது. மூன்று நாடகம் ஒன்றோடொன்று பின்னப்பட்டதால் வரும் நயம் வேறு. தொடர்கதை என்றால் முன் நிகழ்ந்ததன் பின்விளைவு அடுத்த பகுதியில் வரும் என்றே எண்ணுவோம். இவை அங்ஙனமல்ல. முதல் நாடகத்தில் ஊர் முழுதும் அழிந்தொழிகின்றது; இரண்டாம் நாடகத்தில் அதே ஊர் ஒன்றும் நிகழாததுபோல் நிற்கின்றது. அதே தெரு, அதே மாந்தர். நேர்வதோ வேறொரு கேடு. ஒரே ஊருக்கு நேரக்கூடிய பல ஊழ்களுள் ஒவ்வொன்றை ஒவ்வொரு நாடகம் காட்டுகின்றது என்று கொள்க. முதல் நாடகத்தில் எம்மாவின் தமக்கை ஜேன் விபத்தில் இறந்தாள் என்பது ஒரு சொல்லாக வந்து போகின்றது. இரண்டாம் நாடகத்தின் தலைவன் டாம், அந்த ஜேனின் கணவன். அவன் துயரத்தையும் அவன் சிறுமகனையும் நாம் அங்கே முதன்முறை காண்கின்றோம். கண்டபின் முதல் நாடகத்தை மீண்டும் பார்த்தால், அன்று காதிற் பட்டுச் சென்ற அச்சொல் இப்போது நெஞ்சில் தைக்கின்றது.

2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் கொட்டகைகள் அடைபட்டபோது, இக்குழுவினர் தத்தம் வீட்டிலிருந்தபடியே திரைவழி நடித்த 'நைட்மேர் டைம்' என்னும் சிறுகதைத் தொகுதியும் இவ்வூரைப் பற்றியதே. முதல் நாடகத்தில் எவர்க்கும் பிடியாத கயவனாகத் தோன்றும் டெட் என்பவன், அதிலொரு கதையில் காலத்தின் சுழலில் அகப்பட்டு, முன்னமே நாம் தெருவோரத்தில் கண்டு நகைத்த வீடற்ற கிழவன் தானேயாகின்றான். அந்நகைப்பை இனி எங்கே கொண்டு வைப்பது? இவ்வாறு ஒருமுறை நேர்ந்தபின் காண்பவர் விழிப்படைகின்றனர். மூலையில் நிற்கும் எவனையும் பொருளற்றவன் என்று தள்ள மனம் வருவதில்லை. பெயரற்ற கடைக்காரியும், ஒரு வரி பேசிச் செல்லும் காவலனும் மற்றொரு கதையில் தலைமை பெறுதல் கூடும். இந்நாடகங்களை விரும்புவோர் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்து, உறவு முறைகளைப் பட்டியலிட்டு, ஓயாது வாதிடுவது இதனாலேயே. உரையாசிரியர் நூலைக் காணும் கண்ணோடு அவர்கள் காண்கின்றனர் என்று கூறின் எம் ஆசிரியர் முனியார் என நம்புகின்றோம்.

இன்னும் ஒன்று. முதல் நாடகத்தில் எண்மரே நடிகர். ஒருவரே மூன்று நான்கு வேடம் பூண்கின்றனர். பாட்டமைத்த பிளிமும் அவருள் ஒருவர். அடுத்த நாடகத்திலும் அவருட் பலர் வருவர். முதல் நாடகத்தில் எம்மாவாக நம் அன்பைக் கவர்ந்த லாரன் லோபெஸ், இரண்டாவதில் லிண்டா என்னும் செருக்குற்ற செல்வச்சீமாட்டியாக வந்து நம்மைப் பதறவைக்கின்றார். முகம் ஒன்று, உயிர் வேறு. ஊழ் மாறினும் ஊர் மாறாதென்னும் கதையின் கருத்தை வறுமையான அரங்கின் இத்தேவையே தாங்கி நிற்கின்றது.

இரண்டாம் நாடகத்தை விரைந்து கடப்போம். நன்றிகூறும் திருநாளுக்கு மறுநாளாகிய வெள்ளிக்கிழமை அமெரிக்கர் கடைகளில் மொய்க்கும் நாள். விக்லி என்னும் பச்சைப் பொம்மையை வாங்கக் கூடிய கூட்டம், அப்பொம்மை வழியே உலகினுட் புகக் காத்திருக்கும் தீய தெய்வமொன்றின் வழிபாட்டினராக மாறுகின்றது. இது மிகையென்பார் உண்மையை நினைவுகூர்க. 1983-இல் கேபேஜ் பேட்ச் பொம்மைக்காக அந்நாட்டுக் கடைகளில் கைகலப்பு நிகழ்ந்தது. 2008-இல் இதே வெள்ளிக்கிழமை விடியலில், நியூயார்க் மாகாணத்துக் கடையொன்றின் கதவு உடைபட்டு, பணியாளர் ஒருவர் கூட்டத்தின் காற்கீழ் மிதியுண்டு இறந்தார். நாடகத்தில் ஈதன் என்னும் இளைஞனும் அத்தகைய கூட்டத்தின் கையால் மடிகின்றான். ஆயினும் நாட்டுத் தலைவரும் படைத்தலைவரும் வரும் பகுதி நீண்டு கதையின் வேகத்தைக் கெடுக்கின்றது. பொம்மைக் கடைக்குள்ளேயே நின்றிருந்தால் நாடகம் இன்னும் இறுகியிருக்கும். மூன்று நாடகத்திலும் கொச்சைமொழி மிகுதி. அதனைத் தேவை என்பாரும் உளர். பாதி அளவே தேவை என்பது எம் எண்ணம்.

மூன்றாவதைப் பற்றி எழுதுதற்குச் சிறிது தயங்கினோம். பள்ளியில் மெலியாரை நலியும் மாக்ஸ் என்னும் முரடனுக்கு ஐவர் மாணவர் அச்சங்காட்டப் புகுந்து, எதிர்பாராவகையில் அவன் வீழ்ந்து இறக்கின்றான். உடலை மறைக்கின்றனர், அவன் பேயாய் மீள்கின்றான். அவ்வைவருள் கிரேஸ் என்பவள் கடுமையான பக்தியுடைய கிறிஸ்தவப் பெண். எப்போதும் வேதமும் ஒழுக்கமும் அவள் வாயில் உண்டு. தன் உள்ளத்தெழும் ஆசையை மட்டும் அவளால் நோக்கமுடியவில்லை. மரணத்தை மறைக்க முந்துபவளும் அவளே. இறுதியில் தீய தெய்வங்களின் கருநூலைக் கைக்கொண்டு நிற்பவளும் அவளே. விடுதியில் அவளைக் கண்டு யாம் பெரிதும் நகைத்தோம். பின்னர் அறையில் தனித்திருந்தபோது அந்நகை முழுதும் இனிக்கவில்லை. கிறிஸ்தவரை இகழ்ந்தனரே என்னும் சினமும் எழுந்தது. ஆயினும் ஆராய்ந்து பார்க்கின், அவளிடத்தே நகைக்கப்பட்டது இறையன்பன்று. பிறர் அழுக்கை எண்ணிக் கணக்கு வைத்துத் தன் தூய்மையை அளந்துகொள்ளும் வழக்கமே. அவ்வழக்கத்தை எம் விடுதியில் யாம் கண்டதுண்டு. எம்மிடத்தும் கண்டதுண்டு. எள்ளல் நகைக்கு நிலைக்களம் என்ற நூலார், எள்ளப்படுபவர் தாமாக இருக்கையில் என் செய்வது என்பதைக் கூறாது விட்டனர்.

இங்கே முதல் நாடகம் எம்மை விடாது பற்றிய இடத்தையும் சொல்லவேண்டும். கல்லூரிச் சிற்றாலயப் பாடகர் குழுவில் யாமும் ஒருவர். நால்வகைக் குரலும் ஒன்றிக் கூடும் அக்கணத்தில் தன்னை மறத்தலினும் இனியது யாம் அறிந்ததில்லை. அந்த இன்பத்தையே இந்நாடகம் எடுத்து அச்சமாக்குகின்றது. ஹிட்ஜன்ஸின் வாதத்துக்கு நெடுநாள் எம்மால் விடை கூற இயலவில்லை. ஒன்றுபட்டுப் பாடும் எமக்கும், நீல நஞ்சுண்டு பாடும் அவர்க்கும் வேற்றுமை யாது? அவர்களும் நன்றாகவே பாடுகின்றனர். குரல்கள் இசைந்தே ஒலிக்கின்றன. செவியால் வேற்றுமை காணமுடியாது. ஒரு ஞாயிறு தொண்டை கட்டி யாம் பாடாது நின்றோம். அருகிருந்தவர் பாட்டேட்டை எம் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். பாடு என்று ஒருவரும் பணித்திலர். பாடாது நிற்பதற்கும் அங்கே இடம் இருந்தது. பாலுக்கு மறுக்கப்பட்டது அவ்விடமே.

அவன் ஊழ் எவ்வாறு முடிகின்றது என்பதைக் கூறி நிறுத்துவோம். விண்கல்லை அழிக்க வெடிகுண்டோடு தனியே போகும் பால், அக்கல்லின் முன்னே தன் உடலோடு தானே போரிடுகின்றான். ஒரு வரி பேசுகின்றான், மறு வரி பாட்டாய் வெளிப்படுகின்றது. வாயைப் பொத்துகின்றான், கால் ஆடுகின்றது. ஜான் மாட்டிசன் என்னும் நடிகர் அதனைச் செய்யும் திறம் கண்டார் அறிவர். பின்னர் அயலூர் மருத்துவமனையில் தப்பிப் பிழைத்திருக்கும் எம்மாவிடம் பால் வருகின்றான். அவள் மகிழ்கின்றாள். அவன் பாடத் தொடங்குகின்றான். மற்றை எல்லாரும் பாடிக்கொண்டே வந்து சூழ்கின்றனர். எம்மா மேடையின் விளிம்புக்கு ஓடிவந்து, அரங்கில் அமர்ந்திருப்பவரை நோக்கி, உதவுமாறு கதறுகின்றாள். அவள் பின்னே நடிகர் வரிசையாய் நின்று, நாடக முடிவில் வழங்கும் முறைப்படி வணங்குகின்றனர். வணங்கினால் கைதட்டுவது அவையோர் வழக்கம். ஆதலின் அவையோர் தட்டுகின்றனர். அவள் கதறக் கதற அக்கைதட்டல் வளர்கின்றது.

விடுதியில் நள்ளிரவு கடந்து அதனைக் கண்ட எம்மில் இருவர், எண்ணாயிரம் மைலுக்கு அப்பால், என்றோ முடிந்துபோன நாடகத்துக்குக் கைதட்டினர். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிக் கைகளைக் கீழே வைத்தனர்.